21-ம் தேதி மலை ஏற வேண்டும்: ஒரு கணக்கு ஆபீஸின் நிகழ்வு ஆய்வு

மாதம் 21-ம் தேதி காலையில் ஏற்காடு பஸ் ஏற வேண்டும், 27 வரை நாகலூர் பக்கம் அப்பாவோடு இருக்க வேண்டும். மற்ற நாட்களில் சாயங்காலம் நாலரைக்கு மகள் பள்ளிவிட்டு வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் இந்த இரண்டை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இதற்குள் அடங்குகிற தொழில் எது என்று தேட ஆரம்பித்தேன். மூன்றரை வருடம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு தடவை எல்லாம் உடைந்தது, அதை உடைத்தது நான்தான். எப்படி அமைத்தேன், எங்கே தவறினேன், இப்போது எங்கே நிற்கிறேன் என்று நம்பரோடு எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் இரண்டு மூன்று பெண்கள் போன் செய்து கேட்டார்கள், ஆளுக்குப் பாதி பாதியாகச் சொன்னதில் எனக்கே திருப்தி இல்லை.

பின்னணி சுருக்கமாக. நான் பி.காம். சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் 13 வருடம் வேலை. கடைசியாக வாங்கிய சம்பளம் 27,000. காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி எட்டு, செப்டம்பர் மாதம் என்றால் பத்து. அம்மா 2021-ல் தவறிப் போனார். அப்பாவுக்கு மலையில் இரண்டு ஏக்கர், காப்பியும் அதற்கு நடுவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகும். கீழே வாங்கப்பா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. "அங்க வந்து மூணாவது மாடியில உக்காந்து என்ன கண்ணு பண்ணுவேன்" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். அவர் இறங்க மாட்டார் என்றால் நான்தான் ஏற வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற மாதிரி இல்லை, நாலு நாள் கூடவே இருந்து மாத்திரை டப்பாவை நிரப்பி, அவர் பேச நினைப்பதை எல்லாம் பேசி முடிக்கிற வரைக்கும் இருக்கிற மாதிரி.

முதலில் யோசித்த தொழில்கள்

மலையில் வீடு இருக்கிறது என்றதுமே எல்லோரும் சொன்னது ஹோம்ஸ்டே. அடுத்தது காப்பித்தூள். என் நாத்தனார் சொன்னது தட்டுவடை செட் கடை, அவருக்கு அதில் நல்ல கைப்பக்குவம் உண்டு, சேலத்தில் அது ஓடாமல் போகாது என்பதும் உண்மை.

மூன்றையும் லாபத்தை வைத்துப் பார்க்காமல், வாடிக்கையாளர் எப்போது வருவார் என்பதை வைத்துப் பார்த்தேன். இந்த ஒரு கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கியது. ஹோம்ஸ்டேவுக்கு ஆள் வருவது சனி, ஞாயிறு, பள்ளி லீவு, மே மாதம். அதாவது என் மகள் வீட்டில் இருக்கும் அத்தனை நாளும் நான் ஊரார் பிள்ளைகளுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருப்பேன். தட்டுவடை செட் கடையில் கூட்டம் கூடுவதே சாயங்காலம் நாலு மணிக்கு மேல். பீட்ரூட், கேரட் துருவி, சட்னி அரைத்து வைத்துக் கடை விரிக்கிற அந்த நேரம்தான் எனக்கு வேண்டிய நாலரை மணி. காப்பித்தூள் கொஞ்சம் ஆசையாக இருந்தது. ஆனால் கணக்குப் போட்டால், சுமார் ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை, அதை வறுத்தால் இன்னும் ஆறில் ஒரு பங்கு எடை குறையும். அப்பாவின் இரண்டு ஏக்கரை வைத்து ஒரு குடும்பம் நடத்த முடியாது, வெளியே கொட்டை வாங்கி விற்க வேண்டும், அதற்கு ஊர் ஊராகக் கடை ஏற வேண்டும். வேண்டாம் என்று விட்டேன்.

முதலாளி ஆகிவிட்டால் நேரம் நம் கையில் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கையில் வருவதில்லை. முன்னே ஒரு ஆடிட்டர் சொன்ன நேரத்துக்கு ஓடினோம், இனி நாற்பது வாடிக்கையாளர் சொல்லும் நேரத்துக்கு ஓடுவோம், அவ்வளவுதான் மாறும். அதனால் ஏற்கெனவே எனக்குப் பிடித்த மாதிரி தேதிகள் கட்டப்பட்ட ஒரு தொழிலைத் தேடினேன். அது என் மேஜை மேலேயே இருந்தது.

ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர்களுக்கு விற்பனை விவரம், அதாவது ஜிஎஸ்டிஆர்-1, அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள். 14-ம் தேதி ஜிஎஸ்டி போர்டலில், அதாவது அரசு இணையதளத்தில், 2பி என்ற பட்டியல் வந்துவிடும், நமக்குச் சரக்கு விற்றவர்கள் யார் யார் பில்லைக் காட்டியிருக்கிறார்கள் என்று அதில் தெரியும். அதை நம்முடைய கொள்முதலோடு ஒத்துப் பார்த்து, கழிக்க வேண்டிய வரியைக் கழித்து, மீதியைக் கட்டி 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட வேண்டிய கடைசி நாள் 20. தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் இந்த 20-ஐத் திட்டுவார்கள். எனக்கு அந்தத் தேதியைப் பார்க்கும்போது வேறொன்று தோன்றியது. அப்படியானால் 21-ம் தேதி என்னை யாரும் தேட மாட்டார்கள்.

30 வாடிக்கையாளர் என்ற எண் வந்த விதம்

மற்றவர்களுக்காக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து, நாசின் என்ற மத்திய அரசு வரிப் பயிற்சி நிறுவனம் நடத்தும் தேர்வை எழுதினேன். 50 சதவீதம் எடுத்தால் பாஸ். வேலையில் இருந்தவர்களுக்கு அது பெரிய மலை இல்லை.

வீட்டுக்கு என் பங்காக மாதம் 35,000 வேண்டும், பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடனில் பாதி, அப்பாவின் மருந்து எல்லாம் சேர்த்து. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறை வாடகை 5,500, பில் ஏற்ற ஒரு ஆள் சம்பளம் 12,000, நெட், சாஃப்ட்வேர், பஸ், டீ எல்லாம் 4,500. மொத்தச் செலவு 22,000. ஆக 57,000 வந்தே ஆக வேண்டும், கையில் கொஞ்சம் நிற்க 60,000. ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரி 2,000 என்றால் 30 பேர்.

அடுத்தது நேரம். 1 முதல் 20 வரை, ஞாயிறு போக 17 நாள். காலை ஒன்பதரை முதல் நாலு வரை, சாப்பாட்டு நேரம் கழித்து ஆறு மணி நேரம். 102 மணி நேரம். பில் ஏற்றுவதை உதவியாளர் பார்த்தாலும் சரிபார்க்க, ஒத்துப் பார்க்க, ஃபைல் செய்ய, பேச என்று ஒருவருக்கு என் நேரம் மூன்று மணி. முப்பது பேருக்கு 90. மிச்சம் 12 மணி நேரம், அது ஏதாவது கோளாறு வந்தால் சமாளிக்க. 34 பேர் ஆனால் அந்த 12-ம் போய்விடும், அதற்கு மேல் ஒருவர் வந்தால் அவர் உட்காருவது என் மலை நாட்களில்தான். பணத்துக்கும் 30, நேரத்துக்கும் 30 என்று இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு எண்களும் வேறு வேறாக வந்திருந்தால், அதாவது பணத்துக்கு 50 பேர் வேண்டும், நேரத்துக்கு 30 தான் முடியும் என்றிருந்தால், இந்தத் தொழிலை ஆரம்பித்திருக்கவே கூடாது. தொழில் தொடங்குகிறவர்கள் முதல் கணக்கைத்தான் போடுகிறார்கள், இரண்டாவதை யாருமே போடுவதில்லை.

யாரை எடுப்பது என்பதற்கும் அளவு வைத்தேன். வருட விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் ஜிஎஸ்டிஆர்-9 என்ற ஆண்டுக் கணக்கு தேவையில்லை, டிசம்பர் எனக்கு மிச்சம். 5 கோடிக்குள் இருப்பவர்கள் விரும்பினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம், இடைப்பட்ட இரண்டு மாதமும் 25-ம் தேதிக்குள் ஒரு சலான் மட்டும் கட்டினால் போதும், போன காலாண்டில் பணமாகக் கட்டியதில் 35 சதவீதம் என்று போர்டலே தொகை போட்டுத் தரும் வசதியும் இருக்கிறது. 25 வரை நேரம் இருந்தாலும் நான் 20-க்குள் கட்ட வைத்துவிடுவேன்.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல். வியாபாரி வெள்ளி கொடுப்பார், இவர்கள் கொலுசாக்கித் தந்து கூலி வாங்குவார்கள். வெள்ளி நகைக்கு வரி 3 சதவீதம், கூலிக்கு 5. சிலர் கூலி வேலையும் செய்வார்கள், சொந்தமாகச் செய்தும் விற்பார்கள், இரண்டையும் ஒரே பில் புத்தகத்தில் எழுதிக் குழப்பி வைத்திருப்பார்கள். அதைப் பிரித்து இரண்டு புத்தகமாக்கிக் கொடுத்ததுதான் என் முதல் பெயர். ஒரு பட்டறைக்காரர் சொல்லி இன்னொருவர் என்று வந்தார்கள்.

முதல் ஆறு மாதம் 9 பேர்தான். சேமிப்பு 1,80,000 இருந்தது, அதில் பாதிக்கு மேல் கரைந்தது. பழைய ஆபீசிலேயே பில் ஏற்றும் வேலையை வாங்கி வீட்டில் செய்தேன். முதல் வருட முடிவில் 19 பேர், 2023 மே மாதம் 26. இந்த வளர்ச்சியை யாரும் வேகம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் 14 மாதத்தில் 12 மாதம் 21-ம் தேதி நான் பஸ்ஸில் இருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சிக்னல் போய்ப் போய் வரும், அதற்குள் வர வேண்டிய மெசேஜ் எல்லாம் முந்தின நாளே வந்து முடிந்திருக்கும். வீட்டுக்காரர் அந்த வாரம் ஐந்து மணிக்கு வீடு வந்துவிடுவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு மேலே வருவார். அவர் ஆபீசில் பேசி நேரம் மாற்றிக்கொண்டதும் இந்த அமைப்பில் ஒரு தூண். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

உடைந்தது

2023 ஜூனில் ஒரு ஜவ்வரிசி ஆலை வந்தது. மாதம் 15,000. என் சராசரியில் ஏழரை வாடிக்கையாளருக்குச் சமம். மறுத்திருக்க வேண்டும். வருட விற்பனை 5 கோடிக்கு மேல், நான் வைத்த அளவுக்கு வெளியே. கூட்டிப் பார்த்தேன், ஒரே ஆள், ஒரே கணக்கு, இவ்வளவு பணம், மணிக் கணக்கில் பார்த்தால் மற்றவர்களைவிட லாபம்தான். மணி எத்தனை என்று பார்த்தேனே தவிர எந்த மணி என்று பார்க்கவில்லை.

அதே ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்டலில் பதிந்து எண் வாங்குவது, கட்டாயம். சேலத்து ஜவ்வரிசி அதிகம் போவது மகாராஷ்டிரா, குஜராத் என்று வடக்கே, அங்கே விரத நாளில் அதுதான் சாப்பாடு. லாரியில் மூட்டை ஏற்றி முடிக்க ராத்திரி எட்டு, ஒன்பது ஆகும். ஏற்றி முடித்த பிறகுதான் எடை தெரியும், எடை தெரிந்தால்தான் இன்வாய்ஸ், இன்வாய்ஸ் போட்டால்தான் இ-வே பில் என்ற சரக்கு அனுமதிச் சீட்டு, இ-வே பில் இல்லாமல் லாரி நகராது. வண்டி நம்பர் மாறினால் மறுபடி. ஆலையில் ஒரு பையனுக்குக் கற்றுக்கொடுத்தேன், அவன் இரண்டே மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அப்புறம் எல்லாமே என் போனுக்குத்தான். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் ராத்திரி பத்தரைக்கு மகளைத் தூங்க வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி டார்ச் லைட்டோடு ரோட்டுக்கு நடந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் கேட்க மாட்டார்.

2024 ஜனவரி. காப்பி பறித்து முடித்துக் களத்தில் பழம் காய்கிற சமயம். மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பழத்தைப் பரப்பி, பகலில் பலமுறை கிளறிவிட்டு, சாயங்காலம் பனி இறங்குவதற்குள் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் மூட வேண்டும், இரண்டு வாரத்துக்கும் மேல் தினமும். அது இரண்டு பேர் வேலை. 21-ம் தேதி வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆலைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, பதில் தயார் செய்ய வேண்டும் என்று 24-க்குத் தள்ளினேன். 23-ம் தேதி சாயங்காலம் அப்பா தனியாகத் தார்ப்பாயை இழுத்திருக்கிறார், ஈரத் தரையில் கால் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுப் போட வைத்து, அப்புறம் எனக்குப் போன் செய்தார். நான் அப்போது ஆலைக்கான பதிலை டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் வேலையையே விட்டு வந்தேன், அந்த ஒரு விஷயத்தையே விட்டுக் கொடுத்திருந்தேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை இப்போதும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

திருப்பிக் கட்டியது

பிப்ரவரியில் ஆலை முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். மார்ச் 31 வரை பார்த்துத் தருகிறேன், அதற்குள் ஆள் வையுங்கள், நானே பழக்கித் தருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, "அப்பாவப் பாருங்க அம்மணி" என்றார். அவர் மேல் எனக்குக் குறையே இல்லை. அவர் தொழிலுக்கு ராத்திரியிலும் விழித்திருக்கும் ஒரு ஆள் தேவை, அது நான் இல்லை.

அதோடு இன்னொரு ஓட்டையையும் பார்த்தேன். ஆலை இல்லாவிட்டாலும் 15 முதல் 20 வரை என் நிலைமை நன்றாக இல்லை. 18, 19-ம் தேதிகளில்தான் மஞ்சப்பை வரும். உள்ளே பில் எல்லாம் சுருண்டு, பட்டறைக் கரி ஒட்டி, கம்ப்யூட்டர் பில்லாக இருந்தால் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகி இருக்கும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு 7-ஓ 1-ஓ தெரியும், மீதிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். "20 வரைக்கும் டைம் இருக்குதில்லீங்க" என்பார் கொண்டுவந்தவர். அவருக்கு 20, எனக்கு 7-ம் தேதியே வேண்டும், இதை நான் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லையே.

2024 ஏப்ரலில் கட்டணத்தைத் தேதியோடு கட்டினேன். 7-ம் தேதிக்குள் பில் வந்தால் ஒரு தொகை, அதற்குமேல் வந்தால் ஆயிரம் அதிகம். 15-க்கு மேல் வந்தால் தாமதக் கட்டணம் அவர்களுடையது என்று எழுதியே கொடுத்தேன். பில் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னேன், மங்குவதற்கு முன்னால். மூன்று பேர் விலகினார்கள். மீதிப் பேரில் பெரும்பாலானோர் இரண்டே மாதத்தில் 7-க்குள் வந்துவிட்டார்கள், பட்டறைக்காரர்கள் நேரம் தவறுகிறவர்கள் இல்லை, கொலுசை வியாபாரி கேட்ட நாளில் கொடுத்துப் பழகியவர்கள்.

உதவிக்கு இருக்கும் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவதாபுரத்தில் இருந்து வருகிறார், இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் மலைக்குப் போகும் வாரத்தில் வருகிற அத்தனை பேருக்கும் அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், காலை ஒன்பதரை முதல் ஆறு வரை அதே 12,000-க்கு. என் நாலரை மணிக்காக அவருடைய நாலரை மணி போய்க்கொண்டிருந்தது, எனக்கு அது இரண்டு வருடம் கண்ணில் படவில்லை. இப்போது அவருக்குப் பத்து முதல் மூன்று, சம்பளம் 15,000. 21 முதல் 27 வரை ஆபீஸ் கதவில் பூட்டு, கதவில் ஒரு அட்டையில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆரம்பத்தில் பயந்தேன். ஒருவரும் அதற்காக விலகவில்லை.

இன்றைய நிலவரம்: 28 வாடிக்கையாளர், சராசரி 2,400, வரவு 67,200. செலவு, வாடகை 6,000 ஆகிவிட்டது, மொத்தம் 25,200. கையில் 42,000. ஆலை இருந்தபோது இதைவிட ஏழெட்டாயிரம் கூட வந்தது.

எல்லா மாதமும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் இருப்பதால் மலை வாரம் இரண்டு நாளாகச் சுருங்குகிறது, அதற்கு வழி இன்னும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் போர்டல் படுத்துவிட்டதால் 11 என்பது 13 ஆனது, 20 என்பது 22 ஆனது, என் பஸ்ஸும் இரண்டு நாள் தள்ளிப் போனது, ஆனால் அந்தத் தடவை பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் முன்கூட்டியே பேசிச் சாயங்காலம் தார்ப்பாய் மூட ஆள் வைத்துவிட்டுத்தான் கீழே இருந்தேன். வெள்ளி விலை ஏறிக்கொண்டே போவதில் சின்னப் பட்டறைகளுக்கு வேலை குறைகிறது, இரண்டு பேர் பதிவையே ரத்து செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பட்டறை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று லீ பஜார் மளிகைக் கடைகள் நாலைந்து சேர்த்திருக்கிறேன்.

போன ஜனவரி 26 மத்தியானம் களத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா காய்ந்த பழத்தை ஒரு பிடி அள்ளி மகள் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினார். உள்ளே கொட்டை கடகடவென்று ஆடினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், சத்தம் மொத்தையாக இருந்தால் இன்னும் இரண்டு நாள். அவள் இன்னொரு மூலையில் இருந்து ஒரு பிடி எடுத்துக் குலுக்கி, "இது இன்னும் பேசல தாத்தா" என்றாள். அவர் வலது கையால் இப்போதும் முழுதாகப் பிடிக்க முடிவதில்லை, இடது கையில்தான் குலுக்குகிறார்.

அவருக்கு 78 ஆகிறது. அடுத்த வருடம் ஏழு நாள் போதாது, பத்து நாள் வேண்டும் என்று தோன்றுகிறது. பத்து நாள் என்றால் 17-ம் தேதியே முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும், 24 பேருக்கு மேல் பார்க்க முடியாது. 24 பேர், 2,400 என்றால் 57,600, செலவு போக 32,400, என் 35,000-க்குக் குறைகிறது. 2,600 ஆக்கினால் 62,400, கையில் 37,200 நிற்கும். யாரிடம் ஏற்றிக் கேட்பது, எந்த நாலு பேரை வேறு நல்ல ஆளிடம் ஒப்படைப்பது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மாதம் 20-ம் தேதி 3பி எல்லாம் போட்டு முடித்ததும் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து சொல்லப் போகிறேன்.